பளை வரைக்கும்

பத்மாவதி கசெற்றைக் குழந்தையின் பால்மாப் பேணிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். கடைக்குள் வேறு ஆட்கள் இல்லையென்று பார்த்த பிறகுதான் மூடியைத் திறந்தாள். மாவுக்குள் கையை விட்டு ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இதை நீங்கள்தான் காப்பாத்தித் தரவேணும்."

கிளெமென்ற்றின் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. றேடியோ, ரீவி, அம்பிளிபையர் திருத்துவார். வீடு கொட்டாஞ்சேனையில். பத்மாவதி கடையிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு மேல்மாடி அறையில் ஒரு வயது மகளோடு இருந்தாள். அவளுடைய கசெற் றேடியோவை இரண்டு தடவை திருத்திக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் பழக்கம்.

அவள் கணவன் நாகேந்திரம் றெயில்வேயில் கார்ட். வடக்கே றெயில் ஓடாமல் மூன்று வருடம். நோயாளித் தகப்பனோடு அவன் கோண்டாவிலில் நின்றுவிட்டான். பத்மாவதி பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்கு வந்தாள். போன செப்டெம்பரில், யாழ்ப்பாண நீரேரியைப் படகில் கடந்து வந்த ஒருவரிடம் இந்தக் கசெற்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். ஜனவரியில் தானே புறப்பட்டான். கரை சேர்ந்த படகுகளில் அவன் இல்லை. ஏறிய படகு எதுவென்று சொல்லவும் ஆளில்லை.

இப்போது மே மாதம். 1993. ஒழுங்கையில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் சோதனை. பக்கத்து லொட்ஜில் ஒரு பெடியனின் பாட்டுக் கசெற்றைப் பொலிஸ் நிலையத்தில் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பாட்டுகளுக்கு நடுவில் அவனுடைய தமக்கையின் குரல் இருந்தது. பெடியன் இன்னும் திரும்பவில்லை.

"என்ன கதைக்கிறார் இதில?" என்று கிளெமென்ற் கேட்டார்.

"சும்மா வீட்டுக்கதைதான். கடைசியில பிள்ளைக்கு ஸ்ரேசன் பெயர் சொல்லுறார். காங்கேசன்துறையில இருந்து கொழும்புக் கோட்டை வரைக்கும். ஒண்டும் விடாமல்."

"ஸ்ரேசன் பெயரா?"

"ஓம். மகளுக்கு முதல்ல அதுதான் பாடமாம்."

கிளெமென்ற் கசெற்றைத் திருப்பிப் பார்த்தார். வடக்கிலிருந்து வந்த ஒரு நாடா. அதில் ஓர் ஆண் குரலைத் தாழ்த்தி, ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறான். இது ஒரு வயதுப் பிள்ளைக்கு என்று எந்தப் பொலிஸ் நிலையத்தில் சொல்வது?

"தங்கச்சி, இத வீட்ல வச்சிருக்கவே கூடாது."

"அதுக்குத்தானே வந்தனான்."

கசெற்றின் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளும் உடைக்கப்பட்டிருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. நாகேந்திரம் கவனமான மனிதன் போலும்.

கிளெமென்ற்றிடம் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. கொள்ளுப்பிட்டிக் கந்தோர் ஒன்று திருத்தத் தந்துவிட்டு, திரும்ப எடுக்காமல் விட்டது. ஒரு வருடமாக அதில்தான் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. குரலை எண்களாக மாற்றும் ஒரு மின்சுற்றுப் பலகையை அதற்கென்று தானே செய்திருந்தார். எண்களைப் பிளொப்பித் தட்டுகளில் போட்டு, மேலே உதிரிப்பாகக் கணக்குப்போல ‘ஸ்பெயார் லிஸ்ட்’ என்று எழுதி வைத்தால், எந்தச் சோதனைச் சாவடியிலும் அதைப் போட்டுக் கேட்க ஆளில்லை. தேவைப்படும்போது எண்களைத் திரும்பக் குரலாக்கலாம்.

முதல் அரை நிமிடத்தை அவள் முன்னாலேயே மாற்றிப் போட்டுக் காட்டினார். பத்மாவதி தலையைச் சரித்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மலரவில்லை.

"என்ன, தெளிவில்லையா?"

"தெளிவுதான். ஆனா இது ஆரோ போனில கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அவருக்கு முன்பல்லில ஒரு இடைவெளி. ‘ச’ சொல்லேக்க காத்து வரும். அது இதில இல்லை."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அது கிளெமென்ற்றுக்குப் பட்டது. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, கையால் எல்லாம் செய்து பழகியவர். செய்த பலகையைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பல்லிடுக்கும் கேட்கும். எனக்கு ரெண்டு நாள் தாங்க," என்றார்.

பலகையின் நடுவில் இருந்தது ஓர் ஐஸி, விரல்நுனியளவு சில்லு. அதுவும் ஒரு தராசுதான். மேலும் கீழும் ஆடும் குரலைத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்து, எடையை எண்ணாகச் சொல்லும். எட்டுப் படிக்கற்கள். பெரிய கல்லை முதலில் வைக்கும். பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. ஒவ்வொரு தடவையும் தட்டு அசைந்து நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமையையும் சேர்த்துத்தான் செக்கனுக்கு எண்ணாயிரம் எடை என்று ஐஸி செய்த கம்பனியின் தாளில் போட்டிருந்தது. எண்ணாயிரத்தில் பல்லிடுக்குக் காற்று அகப்படாது. பதினாறாயிரம் வேண்டும்.

புறக்கோட்டையில் ஸாலிஹின் கடைக்குப் போனார். இருபது வருடமாக அங்கேதான் உதிரிப்பாகம் வாங்குகிறார்.

"இதவிட வேகமான ஐஸி சிங்கப்பூர்லதான் ஈக்கி," என்றார் ஸாலிஹ். "மூணு மாசம் போகும். எதுக்கு எண்டு எழுதியும் குடுக்கணும். உங்கட பேரையும் போட்டு எழுதவா?"

"வேணாம் நானா. இருக்கிறத வேகமா ஓட்டுறன். ஒரு றெசிஸ்ரரைப் பாதியாக்கினா சரி."

"தாள்ல எண்ணாயிரம் எண்டுதானே ஈக்கி."

"பஸ்ல நாப்பது பேர் எண்டு போட்டிருக்கு. நூறு பேர் போறல்லையா?"

"போறதுதான். இறங்கக்குள்ள எத்தன பேர்ட சேர்ட்ல பட்டன் ஈக்கி எண்டு எண்ணிப் பாருங்க."

இருவரும் சிரித்தார்கள். ஸாலிஹ் அந்த றெசிஸ்ரரை ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

அன்றே மாற்றினார். ஐஸியை நடத்தும் கடிகாரம் இரு மடங்கு வேகமாக அடித்தது. றேடியோச் செய்தியை அரை நிமிடம் பதிந்து திரும்பப் போட்டார். வாசிப்பவர் கடதாசியைப் புரட்டும் சத்தம் கூடக் கேட்டது. பிறகு நாகேந்திரத்தின் முதல் அரை நிமிடம். ‘சரி பத்மா, சத்தம் வருதோ தெரியாது’ என்று தொடங்கினான். ‘ச’ வரும்போதெல்லாம் ஒரு சின்னக் காற்று. பத்மாவதி அதைக் கேட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "இது அவர்தான்," என்றாள்.

கிளெமென்ற் அந்த இரண்டு சொல்லையும் இரண்டு நாள் மனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை காலை கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வேலை தொடங்கினார். கொம்பியூட்டரில் ஒரு தடவைக்கு அரை நிமிடம்தான் கொள்ளும். அரை நிமிடம் ஓடவிட வேண்டும், நிறுத்த வேண்டும், எண்கள் பிளொப்பியில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், நாடாவைக் கொஞ்சம் பின்னால் சுற்றித் திரும்பத் தொடங்க வேண்டும். இருபத்திரண்டு நிமிடக் குரலுக்கு நாற்பத்துநான்கு துண்டுகள். மின்விசிறியின் இரைச்சல் கம்பிவழி நுழைந்தது. மின்விசிறியை நிறுத்தினார்.

மூன்றாவது துண்டில் நாகேந்திரம் மனைவியிடம், அவளுடைய பழைய சேலையொன்றைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பதாகச் சொன்னான். கிளெமென்ற் ஹெட்போனைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். இது அவர் கேட்கிற பேச்சல்ல. ஒரு புருசன் பெண்சாதியிடம் சொல்வதை மூன்றாம் ஆள் காதுகொடுத்துக் கேட்பதா? அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. திரையில் பச்சை எண்கள் ஓடின. ஓடுவது நின்றால் துண்டு முடிந்ததென்று அர்த்தம்.

பதினொரு மணிக்குமேல் சட்டை முதுகில் ஒட்டியது. ஒரு தடவை ஐஸியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். சுட்டது. விரலை எடுத்துக்கொண்டார். எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பன்னிரண்டரைக்கு நாற்பத்துநான்காவது துண்டும் முடிந்தது. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அதற்குக் கீழே உட்கார்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். நல்ல பசி.

பின்னேரம் பத்மாவதி வந்தாள். இடுப்பில் பிள்ளை.

"எல்லாம் வந்திட்டுதோ அண்ணை?"

"நாப்பத்துநாலும் வந்திட்டுது."

"கடைசி வரைக்கும் நல்லாக் கிடக்கோ?"

கிளெமென்ற் பிளொப்பித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை என்று சொன்னால், ஏன் கேட்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"நல்லா இருக்கு," என்றார்.

"அப்ப இதை அழிச்சுப்போடட்டோ?"

"அழிச்சிடுங்க. வச்சிருக்க வேணாம்."

"முதுகுத் துண்டு உடைஞ்சு கிடக்கே. பதியுமோ?"

"அந்த ஓட்டையில செலோரேப் ஒட்டுங்க. பதியும்."

செலோரேப்பில் ஒரு விரல் நீளம் வெட்டியும் கொடுத்தார்.

அதை அவள் தன் அறையில் வைத்துச் செய்தாள். பிறகொருநாள் அவளே சொன்னாள். றேடியோவைத் திறந்தபோது மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்ததாம். அதைக் கணவனின் குரலின்மேல் பதிய மனம் வராமல், பாட்டு வரும்வரை கையில் கசெற்றோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினாளாம்.

ஒன்பது நாள் கழித்து அந்த வீட்டுக்குச் சோதனை வந்தது. அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். பொலிஸ் பதிவுத் தாளைப் பார்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். றேடியோவுக்குப் பக்கத்தில் ஆறு கசெற்றுகள் இருந்தன. ஒன்றையும் தொடவில்லை. போகும்போது அவர்களில் ஒருவன் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "பபாகே நம மொகத்த?" என்று சிங்களத்தில் பெயரைக் கேட்டான். அவள் சொன்னாள். அவன் அதைத் திருத்தமாகச் சொல்லிப் பார்த்தான். போய்விட்டான்.

ஒக்ரோபரில் பத்மாவதிக்குக் கனடா விசா வந்தது. அவளுடைய தமையன் எடுப்பித்தது. குரலைத் திரும்ப ஒரு கசெற்றில் போட்டுத் தரச் சொன்னாள். விமான நிலையத்தில் கசெற்றைப் போட்டுக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, பற்றறியும் வயரும்தான் பார்ப்பார்கள் என்று போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

கிளெமென்ற் அன்று ஹெட்போனைப் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு துண்டையும் முன்னதன் வால் எங்கே முடிகிறதென்று பார்த்து ஒட்ட வேண்டும். மூன்றாவது துண்டை விரைவாகக் கடந்தார். முப்பத்தொன்பது வரை ஒரு குறையுமில்லை. முப்பத்தேழில் நாகேந்திரம் பிள்ளையைக் கூப்பிட்டான். அப்பா ஸ்ரேசன் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ. காங்கேசன்துறை. மாவிட்டபுரம். தெல்லிப்பழை. மல்லாகம். சுன்னாகம். ஒவ்வொன்றுக்கும் இடையில், வண்டி நின்று புறப்படுவதுபோல ஓர் இடைவெளி விட்டான். யாழ்ப்பாணம் வந்தது. சாவகச்சேரியில் அந்தப் பல்லிடுக்குக் காற்று. கொடிகாமம். மிருசுவில். எழுதுமட்டுவாள். பளை.

நாற்பதாவது துண்டில் தகரத்தில் மணல் கொட்டுகிற சத்தம்.

வயரைப் பார்த்தார். பிளொப்பித் தட்டை மாற்றிப் போட்டார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மணலுக்குள் எதுவோ ஏறி இறங்கியது. ஒரு பேர் சொல்கிற நீளம், பிறகு ஓர் இடைவெளி, இன்னொரு பேர். ஒருவன் பேசுகிறான் என்று தெரிந்தது. யாரென்றோ என்னவென்றோ தெரியவில்லை. நாற்பத்துநான்கு வரை அப்படித்தான்.

எண்களை அச்சடித்துப் பார்த்தார். அதே எடை திரும்பத் திரும்ப விழுந்திருந்தது. தராசுத் தட்டு நிற்க முன்னமே ஐஸி அடுத்த கல்லை வைத்திருக்கிறது. காலையில் குளிரில் தாக்குப்பிடித்த ஐஸி, மின்விசிறி இல்லாத அறையில் சூடேறியதும் திணறிவிட்டது. சின்னக் கற்கள் முதலில் பிழைத்தன. பிறகு பெரியவையும். ஸாலிஹ் சொன்ன பட்டன் அவருக்கு ஞாபகம் வந்தது. விரலில் சுட்டதும் ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் கோட்டை ஸ்ரேசனுக்குப் போய் ஒரு பழைய றெயில் நேர அட்டவணை தேடி வாங்கினார். பளைக்குப் பிறகு என்ன வரும் என்று பார்த்தார். ஒரு யோசனை இருந்தது. தன் குரலில் மிச்சத்தைச் சொல்லி, அதன்மேல் அந்த மணல் சத்தத்தைப் போட்டுவிடலாம். நாடா பழசு, கடைசியில் கொஞ்சம் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியும் பார்த்தார். ஆனையிறவு. பரந்தன். கிளிநொச்சி. தன் முன்பற்களுக்கிடையில் நாக்கை வைத்துக் காற்று விட்டும் பார்த்தார். திரும்பக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டார்.

அன்று வீட்டில் மனைவி ஐறீனிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "முழுசாக் கேட்டன் எண்டா சொன்னீங்க?" என்றாள்.

"நல்லா இருக்கு எண்டு சொன்னன்."

"அது அதவிட மோசம்."

"ஞாயித்துக்கிழமை சுவாமியிட்டப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணுவம் எண்டு..."

"சுவாமிட கசெற்றா அது? அந்தப் பிள்ளைட்டப் போய்ச் சொல்லுங்க."

பத்மாவதியின் அறையில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. பிள்ளை ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிளெமென்ற் கதிரையில் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். இரு மடங்கு வேகம், நிறுத்திய மின்விசிறி, கழற்றிய ஹெட்போன். மூன்றாவது துண்டைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்தார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "எது வரைக்கும் கிடக்கு?" என்றாள்.

"பளை வரைக்கும்."

"அங்காலை ஒண்டுமில்லையோ?"

"சத்தம் மட்டும்தான்."

"அவ்வளவு காத்து எனக்கு வேண்டாமே அண்ணை," என்றாள். "போனில கதைக்கிற மாதிரியே இருந்திருக்கலாம். முழுசா இருந்திருக்கும்."

"ஓம்."

"நான்தானே கேட்டனான்."

"நீங்க கேட்டீங்க. செய்தது நான். நல்லா இருக்கு எண்டு சொன்னதும் நான்."

அதற்கு அவள் இல்லையென்று சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. பிள்ளை பெட்டியைத் தட்டியது. கடற்கரைப் பாதையில் பாணந்துறைப் பக்கம் போகும் றெயில் ஒன்று கடந்தது. வீடு மெல்ல அதிர்ந்து அடங்கியது.

"போடுங்கோ, கேப்பம்," என்றாள்.

அவர் கொண்டுவந்த கசெற்றைப் போட்டார். முப்பத்தேழாவது துண்டிலிருந்து ஓடியது. அப்பா ஸ்ரேசன் சொல்லுறன். பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டு றேடியோப் பக்கம் திரும்பியது. பத்மாவதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பளை என்றதும் நாடா வெறுமையாக ஓடியது. மணல் சத்தத்தை அவர் சேர்த்திருக்கவில்லை.

"மிச்ச ஸ்ரேசன் உங்களுக்குத் தெரியுமோ?"

"அட்டவணை வச்சிருக்கன்."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. அவரை மாதிரி வேண்டாம். உங்கட குரலில சொல்லுங்கோ. பிள்ளை பாதி வழியில நிக்கக் கூடாது."

கிளெமென்ற் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். வவுனியாவுக்கு அப்பால் போனதில்லை. அட்டவணையை மடியில் விரித்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி என்று ஒரே மூச்சில் தொடங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நாடாவைப் பின்னால் சுற்றினாள்.

"ஏன் ஓடுறியள்? ஆறுதலாச் சொல்லுங்கோ. ஒவ்வொண்டிலயும் நிண்டு போகவேணும்."

திரும்பத் தொடங்கினார். ஆனையிறவு. நிறுத்தி, மனத்துக்குள் மூன்று எண்ணினார். பரந்தன். கிளிநொச்சி. முறிகண்டி. மாங்குளம். இப்போது அந்தப் பாதையில் தண்டவாளமே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தார். புளியங்குளம். ஓமந்தை. வவுனியா. மதவாச்சி. அநுராதபுரம். அட்டவணையில் விரலை வைத்து ஒன்றும் விடாமல் சொன்னார். மருதானை. கோட்டை.

"இதுக்குப் பிறகு அவர் பிள்ளைக்கு ஒண்டு சொன்னவர்," என்றாள் பத்மாவதி. "அதை நான் சொல்லுறன்."

கிளெமென்ற் எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் இறங்கி, ஒழுங்கைக்கே வந்து நின்றார். மேலே ஜன்னல் திறந்திருந்தது. கடல் இரைந்தது. அவர் இன்னும் நாலு அடி தள்ளிப் போய் நின்றார்.

அவள் கூப்பிட்டபோது திரும்ப ஏறினார். கசெற் வெளியே எடுக்கப்பட்டு அவள் கையில் இருந்தது. பெட்டிச் சாவியின் முனையைக் கசெற்றின் முதுகில் வைத்து, முதல் பிளாஸ்ரிக் துண்டை உடைத்தாள். பிறகு மற்றதை. இரண்டும் நிலத்தில் விழுந்தன. பிள்ளை வாய்க்குள் போட்டுவிடும் என்று அவள் குனிந்து பொறுக்கினாள்.

"செலோரேப் கொண்டுபோறதில்லை," என்றாள்.